சத்தியத் தட்டு வாய் திறந்த விவரம்

கொல்லயில்,
பாறசாலை வழி.
ஏப்ரல் 19, ஞாயிறு, ஆராதனை கழிந்து.

கர்த்தருக்குள் மிகுந்த அன்பும் என்மேல் அதைவிட மிகுந்த கோபமும் உள்ள அக்கா சுகிர்தபாய் அவர்களுக்கு, உடன்பிறந்த தம்பி யோசுவா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

இங்கே நானும் ஷைலஜாவும் மகள் ஜெஸ்மியும் தேவ கிருபையால் சுகம், என் இடது கைப் பெருவிரல் நீங்கலாக. அதன் வரலாறு பின்னால் வருகிறது. அங்கே மார்த்தாண்டத்தில் நீயும் அத்தானும் நலம் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, ஏனென்றால் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது பதினைந்து கிலோமீட்டரும் ஒரு மாநில எல்லையும் மட்டுமே என்றாலும், பதினொரு வருடமாக நீ என் போனை எடுக்கவில்லை. ஜெஸ்மியோடு மட்டும் வாட்ஸ்ஆப்பில் தினமும் பேசுகிறாய் என்பது எனக்குத் தெரியும்; நான் அறைக்குள் நுழைந்ததும் அவள் போனைக் கவிழ்த்து வைப்பதிலிருந்து தெரியும். அவள் மூலமாகவே இதையெல்லாம் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் சில விஷயங்களை மகள் வாயால் சொல்லி அனுப்புவது அப்பனுக்கு அழகல்ல. அதனால் தமிழில் எழுதுகிறேன். ஜெஸ்மிக்கு மலையாள எழுத்துதான் தெரியும். ஷைலஜாவும் நெய்யாற்றின்கரையில் மலையாளத்தில் படித்தவள். ஆகவே இந்த வீட்டில் தமிழில் எழுதிய காகிதம் பூட்டிய அலமாரிக்குச் சமம். இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தயவுசெய்து கையெழுத்துப் போட்டு வாங்கவும். திருப்பி அனுப்பினால் அந்தத் தபால்காரர் இங்கே கொண்டுவந்து ஜெஸ்மியின் கையில்தான் கொடுப்பார்.

நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் நீர்ப்பாசன இலாகாவில் முப்பத்தொரு வருடம் ஓவர்சியராக இருந்தவன் நான்; முன்விவரம் எழுதாமல் நேரே விஷயத்துக்கு வர என் கை மறுக்கிறது. மிஷன் துரை ஒருவர் ஊர் திரும்பும்போது நம் பூட்டனார் உபதேசியார் ஞானாபரணத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன பாட்டுப்பெட்டி ஒன்று, அதற்குத் தட்டு ஐந்து. நாலு தட்டு ஒழுங்கானவை. சாவி கொடுத்து, வெளி விளிம்பில் முள்ளை வைத்தால், அது உள்ளே பார்த்து நடந்து, பாட வேண்டியதைப் பாடிவிட்டு, நடுவில் போய் நின்றுகொள்ளும். ஐந்தாவது தட்டுதான் வில்லங்கம். திருவனந்தபுரத்துக்கு வந்த தட்டுக் கம்பெனிக்காரர் முன்னால் பூட்டனாரே பாடிக் கொடுத்த தட்டு அது என்று கேள்வி. கேட்டவர் மட்டும் யாரும் கிடையாது, ஏனென்றால் விளிம்பில் முள்ளை வைத்தால் ‘க்ஹ்’ என்று தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம், உடனே முள் வழுக்கி வெளியே விழுந்துவிடும். பரிசுத்தவான் பாடிய தட்டு பாவியின் கையில் பாடாது என்று தாத்தா தீர்ப்புச் சொன்னார். அப்பா அதைச் சட்டமாக்கி, சத்தியத் தட்டு என்று பெயரும் வைத்தார். டப்பாவில் வறுத்த கொல்லாங்கொட்டை குறைந்தால் நம் இரண்டு பேரையும் பெட்டி முன்னால் நிறுத்தி முள்ளைக் கையில் கொடுப்பார். விழும். அழுவோம். கொல்லாங்கொட்டை எடுக்காதவர்கள் வேறு எதையாவது எடுத்திருப்போம், அதை ஒப்புக்கொள்வோம். அதனால் தட்டின் பெயர் கெடவே இல்லை. அப்பா வைத்தால் நிற்குமா என்று கேட்கும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

பிறகு பதினொரு வருடத்துக்கு முன்னால், அம்மையை அடக்கம் செய்து, வீட்டு ஜெபத்துக்குச் சொந்தமெல்லாம் கூடியிருந்த அன்று, அம்மையின் வெண்கல உருளியைக் காணவில்லை. நாலு படி அரிசியில் பாயசம் வைக்கிற உருளி. நீ வந்தது ஒரு கைப்பையோடு. அந்தப் பைக்குள் உன் கண்ணாடிக் கூடும் ஒரு கைக்குட்டையும்தான் போகும். உருளியைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு யாரும் களியக்காவிளை பஸ்ஸில் ஏற முடியாது என்பது ஓவர்சியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் நான் சத்தியத் தட்டை எடுத்து வைத்தேன். அத்தனை பேர் முன்னால் உன் கையில் முள்ளைக் கொடுத்தேன். விழுந்தது. அப்போது நான் சொன்ன வார்த்தையை இங்கே திரும்ப எழுதவில்லை; ஒருமுறை சொன்னதே போதும். நீ அழவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்று சொன்னாய்:

“எலே யோசுவா, அந்தத் தட்டு எண்ணைக்கு வாய் திறந்து பாடுதோ, அண்ணைக்கு நான் இந்த நடை ஏறி வாறேன். அதுவரைக்கும் எனக்குத் தம்பி இல்ல.”

ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிவிடுகிறேன். அன்று நான் தட்டை மனதார நம்பினேன். அப்பா நம்பியதை, தாத்தா நம்பியதை நானும் நம்பினேன். அது அறியாமை. அறியாமைக்குக் கர்த்தரே மன்னிப்பு வைத்திருக்கிறார்.

இப்போது ஜெஸ்மிக்குக் கல்யாணம். மே மாதம் பதினாறாம் தேதி, சனிக்கிழமை, நம் சர்ச்சில். மாப்பிள்ளைக்கு ஊர் பக்கத்திலுள்ள காரோடு, பெயர் சானு, திருவனந்தபுரத்தில் வேலை, தினமும் ரயிலில் போய் வருகிறான். அழைப்பிதழ் அடிக்கக் கொடுக்கும் நாளில் ஜெஸ்மி வந்து என் முன்னால் நின்றாள். அவள் நிற்கும் விதம் அப்படியே நீ முற்றத்தில் நின்ற விதம். “அப்பா, முள்ளு விழுந்தா மாமி கள்ளியா? மாமி வராம நான் சர்ச்சுக்கு எறங்க மாட்டேன். பின்ன ஒங்க இஷ்டம்” என்றாள். நான் ஷைலஜாவைப் பார்த்தேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, மகள் சொன்னதில் தப்பு ஏதாவது உண்டா என்று கேட்டாள். ஆக வழி ஒன்றுதான். தட்டு பாட வேண்டும். உன் வாயிலிருந்து வந்த நிபந்தனை அதுதான், அதை நிறைவேற்றுவதென்று இறங்கிவிட்டேன்.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியபோது தொடங்கியது. சாவி பாதி சுற்றில் இறுகிப் போயிருந்தது. ஓவர்சியர் பலத்தைக் காட்டினேன். உள்ளே சுருள்வில் விடுபட்டு, சாவி பின்பக்கமாகச் சுழன்று என் பெருவிரலை அடித்தது. நகம் கறுத்துவிட்டது. இன்னும் அந்தக் கையால் காகிதத்தை அமர்த்திப் பிடிக்க முடியவில்லை. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், கை நடுக்கம் என்று அத்தானிடம் சொல்லிவிடாதே. மேல்வீட்டு செல்லசாமியைக் கூப்பிட்டேன். உனக்கு நினைவிருக்கும், அமரவிளை ரோட்டோரத்தில் மைக் செட் கடை வைத்திருக்கிறவர். அம்பலத்து உற்சவத்துக்கும் நம் சர்ச் கன்வென்ஷனுக்கும் ஒரே குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி நாற்பது வருடமாக மதநல்லிணக்கம் வளர்க்கிறவர். அவர் வில்லைச் சேர்த்துக் கொடுத்து, இனி எண்ணெய் போட வேண்டும், தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் தையல் மெஷின் எண்ணெய் இல்லை. தேங்காயெண்ணெய் இருந்தது. தலைக்கும் மீனுக்கும் வெட்டுக்காயத்துக்கும் ஆகிற எண்ணெய் இதற்கு ஆகாதா என்று நினைத்து ஒரு கரண்டி ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் கொல்லயில் பஞ்சாயத்தில் உள்ள அத்தனை எறும்பும் பெட்டிக்குள். மூடியைத் திறந்து சுற்றவிட்டேன், எறும்புகள் தட்டில் உட்கார்ந்து சுற்றி வந்தன. இறங்கவில்லை, சில எறும்புகள் இரண்டாம் தடவை ஏறியதையும் பார்த்தேன். ஷைலஜா மஞ்சள்பொடி தூவினாள். இப்போது பெட்டிக்குள் எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து ஒரு கூட்டு. செல்லசாமி வந்து பார்த்து, இனி கறிவேப்பிலை மட்டும்தான் பாக்கி என்று சொல்லி, முழுவதையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார்.

அடுத்தது முள். உருக்கு முள் ஒரு பாட்டுக்கு ஒன்று வீதம் மாற்ற வேண்டும் என்பதும், அம்மை காலத்திலேயே அது தீர்ந்துவிட்டது என்பதும் உனக்குத் தெரியும். தையல் ஊசி வைத்தேன், தட்டு கீறும் என்று செல்லசாமி தடுத்துவிட்டார். நெத்திலி முள் வைத்தேன், அது பாதியில் ஒடிந்தது, பூனை வேறு பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடைசியில் கிணற்றடி நாரத்தை மரத்திலிருந்து நல்ல முற்றிய முள்ளாக ஒடித்து, முனையைக் கொஞ்சம் மழுக்கி வைத்தேன். நாலு தட்டும் பாடின. அக்கா, பழைய பாட்டுகள், நீ கூடவே பாடுகிற அதே பாட்டுகள். ஷைலஜாவே அடுக்களையிலிருந்து வந்து நின்று கேட்டாள். ஐந்தாவது தட்டை வைத்தேன். ‘க்ஹ்’. விழுந்தது.

விழுந்தால் எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். ஆனால் பெட்டி முன்னறையில் இருந்ததால் வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். சர்ச் ஐயர் கல்யாண அறிவிப்பு வாசிப்பதைப் பற்றிப் பேச வந்தார். காப்பி குடித்துக்கொண்டே, என்ன இது என்று கேட்டு, விளையாட்டாக முள்ளை வைத்தார். விழுந்தது. அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. இன்னொரு முறை வைத்தார். பிறகு ஜெபம் பண்ணிவிட்டு வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது, அதில் பெருமை ஆகாது என்று நாலு தடவை சொன்னார். சபையார் வெளியே வந்து என் கையைப் பிடித்து, வாரா வாரம் ஐயரைக் கூப்பிட்டு ஒரு காப்பி கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் ஆபத்து. பந்தல் விஷயம் பேச மாப்பிள்ளை சானுவும் அவன் அம்மாவும் வந்தார்கள். அப்பாவின் இரத்தம் என் உடம்பில் ஓடுகிறது என்பதை மறுக்க முடியாது. என்னை அறியாமல் முள்ளை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டேன். ஜெஸ்மி கதவுக்குப் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரியும். விழுந்தது. அது என்ன தட்டு என்று நான் விவரம் சொல்லி முடிக்குமுன் சானு வியர்த்துப் போய், பெண் பார்க்கும்போது அனுப்பிய போட்டோ ஐந்து வருடத்துக்கு முந்தியது, அதன்பிறகு பதினோரு கிலோ கூடிவிட்டது என்று ஒப்புக்கொண்டான். அது எங்கள் எல்லாருக்கும் நாற்காலியைப் பார்த்தே தெரிந்திருந்தது. உடனே அவன் அம்மா, தட்டின் பக்கமே போகாமல், நிச்சயத்துக்கு வீட்டில் வைத்தது என்று சொல்லிக் கொண்டுவந்த மீன்கறி உண்மையில் கடையில் வாங்கியது என்றார்கள். ஷைலஜா அந்த மீன்கறியை மூன்று மாதமாக ஊர் முழுக்கப் புகழ்ந்து வந்தவள். அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். உன்னை ஒரு முள்ளால் இழந்தவன், மகளுடைய வாழ்க்கையையும் அதே முள்ளால் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன், அக்கா.

ஆனால் இந்த சானு, பதினோரு கிலோ கூடினாலும் புத்தி குறையாதவன். ஒப்புக்கொண்டு பாரம் இறங்கியதாலோ என்னவோ, பெட்டிப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து, தட்டைக் கையால் மெதுவாகச் சுற்றி, முள் எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தான். பத்துத் தடவை பார்த்திருப்பான். பிறகு தலையைத் தூக்கிச் சொன்னான்:

“மாமா, நாம எறங்குய வாசலில கேறப் பாக்கோம்.”

எனக்கு விளங்கவில்லை. விளக்கினான். மற்றத் தட்டுகளில் வரி வெளியிலிருந்து உள்ளே போகிறது. இதில் உள்ளிருந்து வெளியே வருகிறது. விளிம்பு என்பது இந்தத் தட்டுக்குத் தொடக்கம் அல்ல, முடிவு. பாட்டு முடிந்த இடத்தில் முள்ளை வைத்தால் அது வெளியே இறங்காமல் என்ன செய்யும்? நாம் மூன்று தலைமுறையாகக் கேட்ட அந்த ‘க்ஹ்’, பூட்டனார் நம் பாவத்தைக் கண்டு செருமியது அல்ல. தட்டின் கடைசி அரை நொடி. நடுவில் வைத்துத் தொடங்கலாம் என்று நம் குடும்பத்தில் ஒரு ஆளுக்குக்கூடத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அப்பாவிடம் சொல்லும் ஆள் இல்லை.

நடுவில் வைத்தோம். முள் நின்றது. அக்கா, நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பார்த்து நடந்தது. ஆனால் சத்தம் கொசு பாடுவதுபோல. காதை வைத்தால் ஏதோ இருக்கிறது, எடுத்தால் இல்லை. செல்லசாமிக்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்து, முள்ளைப் பிடித்திருக்கும் தலைப்பகுதியை ஆட்டிப் பார்த்து, கழுத்தில் செப்புக்கம்பி சுற்றியிருக்கிறதே ஏன் என்று கேட்டார். அது எனக்குத் தெரியும், சொன்னேன்: அந்தக் கழுத்தில் ஆட்டம் உண்டு, தாத்தா ஒரு கம்பி சுற்றினார், போதவில்லை, அப்பா ஒன்று சுற்றினார், நானும் என் பங்குக்கு ஒன்று சுற்றினேன். செல்லசாமி கம்பியை ஒவ்வொன்றாக அவிழ்த்தார், மூன்று தலைமுறையையும் அவிழ்த்தார். “சாரே, இது ஆட்டம் இல்ல. திருப்புயதுக்கு வச்சதாக்கும்” என்று சொல்லித் தலையைக் கால்வட்டம் திருப்பித் தட்டைப் பார்க்கக் குப்புற வைத்தார். அது கிளுக் என்று போய் உட்கார்ந்தது. விஷயம் இதுதான்: மற்றத் தட்டுகளில் முள் இடமும் வலமுமாக ஆடிப் பாடும். இதில் வரியே மேடும் பள்ளமுமாக வெட்டியிருக்கிறது. முள் நம் பஞ்சாயத்து ரோட்டில் ஆட்டோ போவதுபோல மேலும் கீழும் குதித்துப் பாடும். அதற்குத் தலை வேறு பக்கம் பார்க்க வேண்டும். இரண்டு ஜாதித் தட்டுக்கும் ஆகிற மாதிரி எவனோ புத்திசாலி செய்து வைத்ததை, நாம் கோளாறு என்று நினைத்துக் கட்டிவைத்திருந்தோம்.

பிறகு ஓட்டம். மற்றத் தட்டுகளைப்போல நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்றில் விட்டபோது பல்வலிக்காரன் கிணற்றுக்குள் இருந்து புலம்புவதுபோல வந்தது. இந்த ஜாதித் தட்டு இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்று செல்லசாமி யூகித்து, வேகத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். தொண்ணூறு, அதற்கும் மேலே. அப்போது குரல் மனுஷக் குரலாகிவிட்டது. மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, ஷைலஜா, ஜெஸ்மி, செல்லசாமி, நான், ஆறு பேரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, உபதேசியார் ஞானாபரணம் பாடப்போகும் கீர்த்தனையைக் கேட்கத் பெண்கள் தலையில் முந்தானை போட்டுக்கொள்ள, பயபக்தியோடு காத்திருந்தோம்.

அவர் பாடவில்லை, அக்கா. சிரித்தார்.

முதலில் ஒரு சின்னச் சிரிப்பு, அடக்கிக்கொண்டு. பிறகு அடக்க முடியாமல். பிறகு மூச்சு வாங்கி, நிறுத்தி, ‘வேண்டாம், வேண்டாம்’ என்று யாரிடமோ சொல்லி, மறுபடி வெடித்து, கையைத் தட்டி, இருமி, மறுபடி சிரித்து, மூன்று நிமிடம். அந்தக் காலத்தில் வெறும் சிரிப்புக்கே தட்டு போட்டு விற்பார்கள், நல்ல விற்பனை என்று செல்லசாமி சொல்கிறார். நீ எங்கேயாவது பூட்டனார் சிரித்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறாயா? ஓய்வுநாளில் தேங்காய் விழுந்தால்கூட எடுக்கக் கூடாது என்று சொன்ன மனுஷன். எங்களில் முதலில் சிரித்தது சானுவின் அம்மா. பிறகு ஷைலஜா. மீன்கறி அந்த இடத்தோடு முடிந்தது. இரண்டு பேரும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், என்ன காரணத்துக்கென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. முடிவில் சிரிப்பு நின்று, தெளிவாக, ஊர்ப்பெயரோடு ‘பாறசாலை ஞானாபரணம்’ என்று சொன்னார். அதற்கு மேலும் அடக்க முடியாமல் ஒரு ‘க்ஹ்’. முள் வெளியே இறங்கியது. அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் நீயும் நானும் கொல்லாங்கொட்டை திருடியதை ஒப்புக்கொண்டோம்.

மறுநாள் ஷைலஜா தட்டை மெல்லிய துணியால் துடைத்தாள். அப்பா பளபளப்புக்காக வருடா வருடம் ஈஸ்டருக்குப் பூசிய எண்ணெய் அடை அடையாகப் போனபோது, நடுவில் தட்டிலேயே வெட்டிய எழுத்துகள் தெரிந்தன. பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், உள்ளிருந்து தொடங்கவும் என்று போட்டிருக்கிறது. நூறு வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்திருக்கிறது. நம் வீட்டில் ஆங்கிலம் தெரியாதவர் யாரும் இல்லை.

ஆகவே அக்கா, இதனால் அறிவிப்பது என்னவென்றால், நீ குற்றமற்றவள். ஐயர் குற்றமற்றவர். கொல்லாங்கொட்டை விஷயத்தில் மட்டும் நாம் இரண்டு பேரும் குற்றவாளிகள். உருளி இன்றுவரை கிடைக்கவில்லை. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது இனி ஒரு பொருட்டல்ல. குற்றம் முழுவதும் தட்டின் அமைப்பில் இருந்தது என்பது செல்லசாமி, சானு என்ற இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நிரூபணமாகிவிட்டது. நீ சொன்னது ‘பாடட்டும்’ என்று, தட்டு செய்தது ‘சிரித்தது’, ஆகவே நிபந்தனை நிறைவேறவில்லை என்று நீ வாதாடலாம். சின்ன வயதில் பல்லாங்குழி ஆட்டத்தில் நீ செய்ததெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் ‘வாய் திறந்து’ என்பதும் உன் வார்த்தைதான். வாய் நன்றாகவே திறந்தது.

மே பதினாறாம் தேதி காலை பத்தரைக்கு ஆராதனை. நீயும் அத்தானும் முந்தின நாளே வர வேண்டும். களியக்காவிளையில் இறங்கினால் சானு காரோடு நிற்பான். மாடி அறை உங்களுக்கு. நீ வெறும் தரையில் படுக்க மாட்டாய் என்று கட்டில் போட்டாகிவிட்டது. ஜெஸ்மி கையைப் பிடித்து நீ சர்ச்சுக்குள் கூட்டிப்போக வேண்டும் என்பது அவள் ஆசை, எனக்கும் அதுதான். நடை ஏறி வா அக்கா. அது போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். அவருடைய முழங்காலுக்கு ஷைலஜா தைலம் காய்ச்சி வைத்திருக்கிறாள். அங்குள்ள பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். இந்த வீட்டையும் உன் வீட்டையும் கர்த்தர் ஒரே பார்வையில் பார்த்து ஆசீர்வதிப்பாராக; நடுவில் எல்லை இருப்பது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

என்றும் உன் கீழ்ப்படியாத, ஆனால் இப்போது திருந்திய தம்பி,
யோசுவா.

பி.கு.: கவரை ஒட்டுமுன் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றைத் தவிர. தட்டை மனதார நம்பினேன் என்று எழுதியிருக்கிறேன். அது பொய். அன்று காலையில், நீ கிணற்றடியில் முகம் கழுவப் போயிருந்தாய், மற்றவர்கள் பந்தலில் இருந்தார்கள், நான் தனியாக அறைக்குள் போய் முள்ளை வைத்துப் பார்த்தேன். எனக்கும் விழுந்தது. உருளியை நான் எடுக்கவில்லை. ஆகவே அந்தத் தட்டு சொல்வது ஒன்றுமில்லை என்பது அந்த வீட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டேதான் உன் கையில் கொடுத்தேன். அம்மை கடைசி ஒரு மாதம் கஞ்சி குடித்தது என் கையால். ஒவ்வொரு வாய்க்கும் ‘சுகிர்தா வந்தாளா’ என்றுதான் கேட்டாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. உருளி ஒரு சாக்கு. தட்டின் அமைப்பில் எந்தக் குறையும் இல்லை, அக்கா. கோணல் என்னிடம் இருந்தது. தப்பு செய்தவன் நான், நீ நடை ஏறி வா என்று எழுதியிருக்கிறேன் பார். அதனால் பதிவுத் தபால், களியக்காவிளையில் கார், மாடி அறை எல்லாவற்றையும் இப்போதைக்கு விட்டுவிடு. இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து அத்தான் கையில் கொடுத்திருக்கிறேன். நீ இதை வாசிக்கும்போது நான் உன் வீட்டு கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறேன். வா என்றாலும் சரி, போ என்றாலும் சரி. வெயில் அப்படியொன்றும் இல்லை, நீ நிதானமாக வாசி.